கோர்பூட், லிப்ரெபூட்: ரெடிமேட் ரோம் போதுமா, நாமே பில்டு பண்ணணுமா?

நீங்கள் கேட்டதை என் பாஷையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பழைய திங்க்பேட் எக்ஸ்230 ஒன்று வாங்கியிருக்கிறீர்கள், லெனோவோவின் பயாஸை (ஆன் செய்ததும் முதலில் ஓடும் ஃபர்ம்வேர்) தூக்கிவிட்டுத் திறந்த மூல ஃபர்ம்வேர் போட ஆசை. கோர்பூட் என்ற திறந்த மூல ஃபர்ம்வேர் திட்டத்தின் பக்கம் போய்ப் பார்த்தால் ரோம் (சிப்பில் எழுதத் தயாரான கோப்பு) எதுவும் இல்லை, வெறும் சோர்ஸ்தான் (மூல நிரல்). கோர்பூட்டை வைத்தே கட்டப்படும் லிப்ரெபூட்டில் ரெடிமேடாகக் கிடைக்கிறது, ஆனால் யாரோ ஒருவர் "அடுத்தவன் கட்டிவைத்த பைனரியை நம்பாதே, நீயே கம்பைல் பண்ணு, அதுதான் பாதுகாப்பு" என்று சொல்லிக் குழப்பிவிட்டார் (பைனரி என்றால் சோர்ஸிலிருந்து கட்டி முடித்த கோப்பு; கம்பைல், பில்டு என்பதெல்லாம் அந்தக் கட்டும் வேலை). நீங்கள் புரோகிராமர் இல்லை. கடைசியில் ஒரு வரி: நண்பர்கள் இரண்டு பேரிடமும் இதே மாடல் இருக்கிறது, ஒன்றைப் பில்டு பண்ணி மூன்று பேரும் போட்டுக்கொள்ளலாமா என்று.

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்தப் பைனரியை நம்பலாமா என்பது ஒன்று, இது என் மெஷினுக்குப் பொருந்துமா என்பது இன்னொன்று. சண்டை எல்லாம் முதல் கேள்வியில்தான் நடக்கும். லேப்டாப் செத்துப்போவது என்னவோ பெரும்பாலும் இரண்டாவதால். நான் பல வருடமாகப் பழைய இன்டெல் லேப்டாப்களிலும் ரவுட்டர்களிலும் இந்த வேலை பார்க்கிறவன். செல்போன் ரோம், சர்வர் போர்டு பக்கமெல்லாம் எனக்குப் பழக்கம் குறைவு, அதனால் நான் சொல்வதை அங்கே அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். உங்கள் விஷயத்தில் என் பதில்: முதல் முறைக்கு லிப்ரெபூட்டின் வெளியீட்டையே எடுங்கள், கையொப்பத்தைச் சரிபாருங்கள், கம்பைல் பண்ணுவதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று விளக்குகிறேன், கொஞ்சம் நீளும்.

கோர்பூட் ஏன் ரோம் தருவதில்லை? பலர் நினைப்பது போல அது திமிர் இல்லை. 1999-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் லினக்ஸ்பயாஸ் என்ற பெயரில் தொடங்கியது. கிளஸ்டர் கணினிகளை வேகமாகவும் தங்கள் கட்டுப்பாட்டிலும் பூட் செய்ய வேண்டும் என்று நினைத்தவர்கள் செய்த வேலை அது. 2008-இல் பெயர் கோர்பூட் ஆனது. அந்தக் காலத்திலிருந்தே அதைப் பயன்படுத்துகிறவர்கள் தங்கள் மதர்போர்டுக்குத் தாங்களே கட்டிக்கொள்கிறவர்கள்தான். இன்றைக்கு அதில் நூற்றுக்கணக்கான போர்டுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் பேலோடாக (கோர்பூட் தன் வேலை முடிந்ததும் ஓட்டிவிடும், இயங்குதளத்தைத் தொடங்கிவைக்கும் நிரல்) சீபயாஸ் வைப்பதா, கிரப் வைப்பதா, யூஇஎஃப்ஐ தரும் இடிகே2 வைப்பதா, திரையை யார் உயிர்ப்பிப்பது, சிப்பின் அளவு என்ன என்று தேர்வுகள் பெருகிக்கொண்டே போகும். அத்தனையையும் கட்டி, அத்தனை மெஷினிலும் போட்டுப் பார்க்க ஆள் கிடையாது. போட்டுப் பார்க்காத ரோமை அதிகாரபூர்வம் என்று முத்திரை குத்திக் கொடுத்தால் ஒருவருடைய லேப்டாப் கல்லாகிவிடும். அதனால் அவர்கள் சோர்ஸோடு நிறுத்திக்கொள்கிறார்கள். லிப்ரெபூட், ஹெட்ஸ், டஷாரோ, குரோம்புக்குகளுக்கான மிஸ்டர்குரோம்பாக்ஸ் போன்றவை கொஞ்சம் போர்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஒழுங்காகக் கட்டிச் சோதித்து வெளியிடுகின்றன. லினக்ஸ் கெர்னலுக்கும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அதை வைத்து முழு இயங்குதளம் கட்டித் தரும் டெபியனுக்கும் உள்ள உறவு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நீங்களே கட்டினால் என்ன ஆகும்? கோர்பூட்டில் முதல் வேலை டூல்செயின் (கம்பைல் பண்ணத் தேவையான கருவிகளின் தொகுப்பு). உங்கள் லினக்ஸில் இருக்கும் ஜிசிசி கம்பைலரை அது இயல்பாக ஏற்காது, தனக்கென்று ஒரு குறிப்பிட்ட பதிப்பை இறக்கித் தானே கட்டிக்கொள்ளும். பழைய லேப்டாப்பில் இதற்கு மணிக்கணக்காகும். ஒவ்வொரு டிஸ்ட்ரோவும் (டெபியன் போன்ற லினக்ஸ் வகை) ஜிசிசியில் தன் கைவண்ணத்தைக் காட்டியிருக்கும், அதனால் வரும் கோளாறுகளைத் துரத்திக்கொண்டிருக்க முடியாது என்பதால்தான் இந்த ஏற்பாடு. ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. இன்டெல் திரையை உயிர்ப்பிக்கும் லிப்ஜிஎஃப்எக்ஸ்இனிட் என்ற பகுதி சி மொழியில் இல்லை, ஏடா மொழியில் எழுதப்பட்டது. அதைக் கம்பைல் பண்ண ஏடா தெரிந்த டூல்செயின் வேண்டும், அந்த டூல்செயினைக் கட்ட உங்கள் மெஷினில் முதலில் ஜினாட் (ஜிசிசியின் ஏடா கம்பைலர்) இருக்க வேண்டும், அதுவும் உங்கள் ஜிசிசியின் பதிப்போடு ஒத்துப்போகிற ஜினாட். அது இல்லையென்றால் பில்டு நின்றுவிடாது, அந்தப் பகுதியை விட்டுவிட்டு மேலே போகும், கடைசியில் ரோமும் கிடைக்கும். ஃபிளாஷ் பண்ணி (சிப்பில் எழுதி) ஆன் செய்தால் திரை கறுப்பு. மெஷின் உள்ளே நன்றாகவே பூட் ஆகிக்கொண்டிருக்கும், உங்களுக்கு மட்டும் எதுவும் தெரியாது. புதிதாக வருகிறவர் இந்த இடத்தில் சிப் போய்விட்டது, போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார். லிப்ரெபூட்டின் ரெடிமேட் ரோமில் இந்த விபத்து நடக்காது, ஏனென்றால் அதைக் கட்டியவர்களிடம் ஜினாட் இருந்தது. அவ்வளவுதான்.

இன்னொரு தொல்லை காலம். இரண்டு வருடம் முன்பு வெளிவந்த ஒரு சோர்ஸை எடுத்து இன்றைய டிஸ்ட்ரோவில் கட்டிப் பாருங்கள். கோர்பூட்டின் டூல்செயினைக் கட்டுவதே உங்கள் டிஸ்ட்ரோவின் ஜிசிசிதான். 2025-இல் வந்த ஜிசிசி 15, சி மொழியின் சி23 வடிவத்தை இயல்பாக்கிவிட்டது. அதோடு பல பழைய மூலங்கள் பிழை காட்டி நின்றுவிட்டன. புரோகிராமர் ஒருவருக்கு இது ஒரு சாயங்கால வேலை. உங்களுக்கு அது ஒரு சுவர்.

இப்போது அந்த நம்பிக்கை விஷயம். கம்பைல் பண்ணுவதும் கோடைப் படித்துச் சரிபார்ப்பதும் ஒரே வேலை கிடையாது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. லட்சக்கணக்கான வரிகளை நீங்கள் படிக்கப் போவதில்லை, நானும் படித்ததில்லை. கட்டளை கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போவோம், வந்து பார்த்தால் ஒரு ரோம் இருக்கும். சோர்ஸில் விஷமம் இருந்தால் அது உங்கள் கையால் கட்டப்பட்ட விஷமம், அவ்வளவுதான் வித்தியாசம். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் நூலகத்தில் பின்கதவு வைத்தது வெளிவந்ததே, அதை எடுத்துக்கொள்ளுங்கள். 5.6.0, 5.6.1 இரண்டு பதிப்புகளிலும் அது இருந்தது. பின்கதவைத் தூண்டிவிடும் வரிகள் கிட் களஞ்சியத்தில் (எல்லாரும் பார்க்கும்படி சோர்ஸ் இருக்கும் இடம்) இல்லை, வெளியீட்டுக்கென்று சுருட்டிக் கொடுத்த சோர்ஸ் பொதிக்குள்தான் இருந்தன. அதாவது சோர்ஸைத்தான் எடுத்தேன், நானே கட்டினேன் என்று சொன்னவர்களும் மாட்டியிருக்கலாம். அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்டு என்ற புரோகிராமர். கோடைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு கொஞ்சம் மெதுவாகிறதே என்று தோண்டியதில் வந்தது.

அப்படியானால் சோர்ஸிலிருந்து கட்டுவதில் பாதுகாப்பு லாபமே இல்லையா என்றால், இருக்கிறது, ஆனால் அது வேறு வழியாக வருகிறது. கோர்பூட்டில் நேரமுத்திரையை விட்டுவிட்டுக் கட்டச் சொல்ல ஒரு வழி உண்டு. ஒரே சோர்ஸ், ஒரே டூல்செயின், ஒரே அமைப்பு என்றால் யார் கட்டினாலும் ஒரு பிட் கூட மாறாமல் அதே கோப்பு வர வேண்டும் என்பது நோக்கம். டெபியன்காரர்கள் 2013 முதல் இந்த மறுஉருவாக்க முயற்சியில் இருக்கிறார்கள், கோர்பூட்டும், ரவுட்டர்களுக்கான ஓபன்டபிள்யூஆர்டியும் அந்த முயற்சியின் சோதனைகளில் சேர்ந்திருக்கின்றன. இது சரியாக அமைந்துவிட்டால், வெளியீட்டாளர் கொடுத்த பைனரியும் ஊர் பேர் தெரியாத ஒருவர் தன் வீட்டில் கட்டியதும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒன்றாக இருந்தால், கட்டிய மெஷினில் யாரும் விளையாடவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பிட்காயின் கோர் திட்டத்தில் பலர் தனித்தனியாகக் கட்டி, ஹாஷை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) ஒப்பிட்டுக் கையொப்பம் போட்ட பிறகே பைனரி வெளியே போகிறது. கவனித்தீர்களா, இங்கே பயன் பெறுகிறவர்கள் ரெடிமேட் பைனரியை எடுத்துக்கொள்கிற எல்லாரும்தான். நீங்கள் தனியாகக் கட்டி, எதோடும் ஒப்பிடாமல் போட்டுக்கொண்டால் இந்த லாபம் கிடையாது.

உங்களால் செய்ய முடிகிற, உண்மையிலேயே பலன் தருகிற வேலை கையொப்பச் சோதனை. ரோமும் அதன் ஹாஷ் கோப்பும் ஒரே சர்வரில் இருந்தால், ஹாஷ் ஒத்துப்போவது டவுன்லோடு பாதியில் கெடவில்லை என்பதை மட்டும்தான் காட்டும். சர்வருக்குள் புகுந்தவன் ரோமை மாற்றும்போது ஹாஷையும் மாற்றிவிடுவான், அதற்கு அவனுக்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ஜிபிஜி கையொப்பம்தான் (வெளியீட்டாளர் தன் ரகசியச் சாவியால் போடும் டிஜிட்டல் கையொப்பம்) முக்கியம், அதிலும் அந்தச் சாவியின் கைரேகையை (அதன் சுருக்க அடையாளம்) டவுன்லோடு செய்த இடத்தை விட்டு வேறு ஒரு வழியில் உறுதிப்படுத்திக்கொள்வது. பெரும்பாலானோர் இதைச் செய்வதே இல்லை. ஆனால் கம்பைல் பண்ணு என்று மட்டும் அடுத்தவருக்கு உபதேசம் செய்வார்கள்.

எக்ஸ்230-க்கென்று தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இந்த மெஷினில் இன்டெல்லின் மேனேஜ்மென்ட் இன்ஜின் (பிராசஸரைச் சாராமல் பின்னணியில் தனியாக ஓடும் சிறு கணினி) இருக்கிறது, அதன் ஃபர்ம்வேர் மூடிய பைனரி. அதை முழுக்கத் தூக்கிவிட்டால் மெஷின் ஆன் ஆகாது, அப்படியே ஆன் ஆகிவிட்டாலும் அரை மணி நேரத்தில் தானே அணைந்துவிடும். மீகிளீனர் என்ற கருவியால் வெட்டிச் சுருக்கி, சுமார் 5 எம்பி இருந்த இடத்தில் 100 கேபிக்கும் குறைவாக மிச்சம் வைப்பதுதான் வழக்கம். அந்த மிச்சமும் இன்டெல்லின் பதிப்புரிமைக்கு உட்பட்டது, மறுவினியோகம் செய்ய நம்மைப் போன்றவர்களுக்கு உரிமம் இல்லை. அதனால் நீங்களே பில்டு பண்ணினாலும் இந்தத் துண்டு பைனரியாகத்தான் வரப்போகிறது. சோர்ஸிலிருந்து கட்டினேன் என்ற பெருமையில் இது ஒரு ஓட்டை. லேப்டாப்பின் கீபோர்டு, ஃபேன், பேட்டரியைப் பார்த்துக்கொள்ளும் எம்பெடட் கன்ட்ரோலர் தனி சிப்பில் இருக்கிறது, அதில் ஓடுவதும் லெனோவோவின் கோடுதான்.

லிப்ரெபூட் 2022 நவம்பர் வரை இப்படிப்பட்ட துண்டு எதையும் சேர்ப்பதில்லை என்ற பிடிவாதத்தில் இருந்தது, அதனால் எக்ஸ்200 போன்ற இன்னும் பழைய மெஷின்களோடு நின்றது. பிறகு கொள்கையை மாற்றியதும் எக்ஸ்230, டி440பி எல்லாம் உள்ளே வந்தன. இதைப் பிடிக்காதவர்கள் தனியாகப் பிரிந்துபோய் வேறு திட்டம் நடத்துகிறார்கள், அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. நடைமுறையில் இதன் விளைவு என்னவென்றால், உங்கள் மாடலுக்கு லிப்ரெபூட் வெளியிடும் ரோம் பாதி ரெடிமேட். மேனேஜ்மென்ட் இன்ஜின் துண்டு அதில் இருக்காது. அவர்கள் தரும் இன்ஜெக்ட் ஸ்கிரிப்டை ஓடவிட்டால், அது லெனோவோவின் பயாஸ் அப்டேட் கோப்பை உங்கள் மெஷினுக்கே இறக்கி, தேவையான துண்டை உருவி, சுருக்கி, ரோமில் செருகும். செருகிய பிறகு வரும் கோப்பின் ஹாஷ், அவர்கள் முன்பே குறித்து வைத்ததோடு ஒத்துப்போகிறதா என்றும் பார்த்துக்கொள்ளும். சட்டமும் மீறவில்லை, பயனாளரும் டூல்செயினோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, நல்ல யோசனை. ஆனால் அந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராக ஃபிளாஷ் செய்தவர்கள் ஏராளம். அதற்காகவே அண்மைய வெளியீடுகளில் கோப்பின் பெயரிலேயே 'ஃபிளாஷ் செய்யாதே' என்று எழுதி, ரோமில் ஒரு பைட்டைக் கூடுதலாக ஒட்டிவைத்திருக்கிறார்கள். அளவு பொருந்தாததால் ஃபிளாஷ் கருவி ஏற்க மறுத்துவிடும். ரெடிமேட் பைனரி கொடுக்கும் திட்டங்களின் தலைவலி என்ன என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

இதே கேள்வி மற்ற திட்டங்களில் எப்படி முடிகிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் பிடிபடும்: உங்கள் மெஷினுக்கே உரிய விவரம் எங்கே வாழ்கிறது என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். 3டி பிரிண்டர்களுக்கான மார்லினை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வெப்ப சென்சார், ஒரு மில்லிமீட்டருக்கு மோட்டார் எத்தனை ஸ்டெப், பெட் எவ்வளவு பெரிது என்பதெல்லாம் ஒரு கான்ஃபிகரேஷன் கோப்பில் எழுதப்பட்டு ஃபர்ம்வேரோடு சேர்ந்து கம்பைல் ஆகிறது. இங்கே பொதுவான பைனரி என்று ஒன்று இருக்கவே முடியாது. தவறான சென்சாருக்குக் கட்டிய பைனரியைப் போட்டால் 200 டிகிரி என்று திரை சொல்லும்போது உள்ளே வேறு கதை ஓடிக்கொண்டிருக்கும். அதனால் மார்லின்காரர்கள் கட்டிக்கொள் என்று சொல்வது முழு நியாயம். கிளிப்பர் என்ற இன்னொரு பிரிண்டர் ஃபர்ம்வேரில் அதே விவரங்கள் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் இருக்கும் ஒரு சாதாரண உரைக் கோப்பில் இருக்கின்றன. மாற்றினால் ரீஸ்டார்ட் போதும். டிரோன்களுக்கான பீட்டாஃபிளைட்டில் சிக்கல் இடப்பற்றாக்குறை. 512 கேபி ஃபிளாஷ் உள்ள சிப்களில் எல்லா வசதியும் அடங்கவில்லை, அதனால் 2023-இல் வந்த 4.4 முதல் உங்களுக்கு வேண்டியதை டிக் செய்தால் அவர்களுடைய சர்வரே கட்டித் தரும் முறைக்கு மாறினார்கள்.

ஓபன்டபிள்யூஆர்டி பக்கம் வந்தால் சொந்த பில்டுக்கு ஒரு விலை இருப்பது தெரியும், பலர் இதை முன்கூட்டி யோசிப்பதில்லை. அங்கே கெர்னல் மாட்யூல் (டிரைவர் போல கெர்னலோடு சேரும் துண்டு) பொதி ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட கெர்னல் அமைப்பின் ஹாஷோடு கட்டப்பட்டிருக்கும். நீங்கள் கெர்னல் அமைப்பில் எதையாவது மாற்றி உங்கள் இமேஜைக் கட்டினால் அந்த ஹாஷ் மாறிவிடும், அப்புறம் அதிகாரபூர்வக் களஞ்சியத்திலிருந்து ஒரு யுஎஸ்பி டிரைவர் கூட நிறுவ முடியாது. எல்லாவற்றையும் நீங்களே கட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதற்காகவே இமேஜ்பில்டர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள்: பொதிகள் ரெடிமேட், அவற்றைக் கோத்து இமேஜ் ஆக்குவது மட்டும் உங்கள் வேலை. எனக்குப் பிடித்த ஏற்பாடு அதுதான். அதையே சர்வரில் செய்து தரும் சேவையில் 2024 டிசம்பரில் ஒரு ஓட்டை வெளிவந்தது: கோரிக்கையின் எஸ்எச்ஏ-256 ஹாஷை 12 எழுத்தாக நறுக்கி வைத்திருந்தார்கள், மோதல் (இரண்டு வேறு கோரிக்கைகளுக்கு ஒரே ஹாஷ்) உண்டாக்கி ஒருவருக்கு இன்னொருவரின் இமேஜைத் தள்ளிவிட வழி இருந்தது. ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் சொன்னதும் உடனே அடைத்துவிட்டார்கள், அதிகாரபூர்வ வெளியீட்டு இமேஜ்கள் இதில் பாதிக்கப்படவில்லை. ஆனால் "உனக்கென்றே கட்டித் தருகிறேன்" என்கிற சர்வரும் நம்ப வேண்டிய இன்னொரு இடம்தான் என்று அது காட்டிவிட்டது.

இனி உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி. ரெடிமேட் ரோம் எடுப்பவருக்கு அபாயம் அதிகமா, தானே கட்டும் புதியவருக்கு அதிகமா? இதை அளந்து சொல்ல வழியில்லை, என் கணிப்புதான். வெளியீட்டாளரின் மெஷினுக்குள் புகுந்து ரோமை மாற்றுவது நடக்கக்கூடியது, நடந்தால் எல்லாரையும் ஒரே அடியில் தாக்கும். புதியவர் தவறான போர்டைத் தேர்ந்தெடுப்பது, ஜினாட் இல்லாமல் கட்டுவது, எக்ஸ்220-க்கானதை எக்ஸ்230-இல் போடுவது எல்லாம் அன்றாடம் நடக்கிறது. உங்களை யாராவது தனிப்பட்ட முறையில் குறிவைத்துத் துரத்துகிறார்கள் என்றால் கணக்கு மாறும். அப்படி இல்லாதவரை எனக்குப் பயம் இரண்டாவது வகையில்தான்.

அதனால் நீங்கள் கையில் எடுக்க வேண்டிய முதல் வேலை சாஃப்ட்வேரே இல்லை. எக்ஸ்230-இல் 8 எம்பி, 4 எம்பி என்று இரண்டு ஃபிளாஷ் சிப் இருக்கின்றன, 12 எம்பி ரோமை இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டும். ஒரு சோயிக்8 கிளிப்பும் (சிப்பின் கால்களைக் கவ்வுவது) ராஸ்பெர்ரி பை பிக்கோவும் (அந்தக் கிளிப் வழியாகச் சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சிறு போர்டு) வாங்குங்கள். இதே வேலைக்கு மலிவாகக் கிடைக்கும் கறுப்பு சிஎச்341ஏ வேண்டாம், அதில் பல டேட்டா லைனில் 5 வோல்ட் விடும், சிப்புக்குத் தேவை 3.3. பேட்டரியையும் சார்ஜரையும் கழற்றிவிட்டு, இரண்டு சிப்பையும் தலா இரண்டு தடவையாவது படித்து, ஒரே சிப்பின் பிரதிகள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடுங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் கிளிப் சரியாக உட்காரவில்லை, அந்த நிலையில் எதையும் எழுதக் கூடாது. அந்தப் பிரதி லேப்டாப்புக்கு வெளியே பத்திரமாக இருக்கும்வரை ரெடிமேட் ரோமோ சொந்த பில்டோ எது சொதப்பினாலும் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

எல்லாம் ஓடி, ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகு எதையாவது மாற்றத் தோன்றினால் அப்போது பில்டில் இறங்குங்கள்: பேலோடை மாற்ற வேண்டும், இன்னும் வெளியீட்டுக்கு வராத ஒரு திருத்தம் வேண்டும், கிரப் மெனுவை ரோமுக்குள்ளேயே உங்கள் இஷ்டப்படி வைக்க வேண்டும், இப்படி. காரணம் இருந்தால் கற்றுக்கொள்வதும் சுலபம். கோர்பூட் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, கட்டும்போது பயன்படுத்திய கான்ஃபிக் கோப்பையும் சோர்ஸின் பதிப்பு விவரத்தையும் ரோமுக்குள்ளேயே வைத்துவிடும்; சிபிஎஃப்எஸ்டூல் என்ற அதன் கருவியை வைத்து எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். உதவி கேட்கும்போது முதலில் அந்த இரண்டையும் கொடுங்கள். வெளியீட்டு ரோம் என்றால் பதிப்பு எண் சொன்னாலே எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும். சொந்த பில்டில் அது மட்டும் போதாது, "நான் எதையும் மாற்றவில்லையே" என்பதை யாரும் நம்ப மாட்டார்கள்.

நண்பர்களுக்குக் கொடுப்பது பற்றி: நான் வக்கீல் இல்லை, ஆனால் கோர்பூட்டின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் வாசகம் தெளிவாகவே இருக்கிறது. உங்களுக்காகக் கட்டி நீங்களே பயன்படுத்தினால் எந்தக் கடமையும் இல்லை. பைனரியை இன்னொருவர் கையில் கொடுத்த கணத்தில், அதற்கு இணையான முழு சோர்ஸையும், கட்டப் பயன்படுத்திய ஸ்கிரிப்டுகளையும் கூடவே கொடுக்க வேண்டும், அல்லது கேட்டால் தருகிறேன் என்று குறைந்தது மூன்று வருடம் செல்லுபடியாகும் எழுத்துபூர்வ உறுதி தர வேண்டும். லிப்ரெபூட் ஒவ்வொரு வெளியீட்டோடும் பெரிய சோர்ஸ் பொதி ஒன்றை வைப்பது இதற்காகத்தான். அதோடு, செருகி முடித்த ரோமில் இன்டெல்லின் துண்டு இருக்கிறது, அதைக் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. மேக் முகவரி (நெட்வொர்க்கில் ஒரு மெஷினை அடையாளம் காட்டும் எண்) இன்னொன்று. எக்ஸ்230-இன் ஈதர்நெட் முகவரி அதே ஃபிளாஷ் சிப்பில்தான் இருக்கிறது, உங்கள் ரோமை அப்படியே மூன்று லேப்டாப்பில் போட்டால் மூன்றுக்கும் ஒரே முகவரி, ஒரே நெட்வொர்க்கில் இரண்டைச் சொருகினால் இரண்டுமே தடுமாறும். லிப்ரெபூட்டின் பழைய ரோம்களில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு முகவரி இருந்தது, அதன் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'டெட் காஃபி' என்று வரும், அதை மாற்றாமல் திரிந்தவர்கள் நிறையப் பேர். அதனால் ரோமைக் கொடுக்காதீர்கள். எந்த வெளியீடு, எந்தக் கோப்பு, என்ன கட்டளை என்று ஒரு குறிப்பு எழுதிக் கொடுங்கள், இன்ஜெக்டை அவரவர் தங்கள் மெஷினுக்கு ஓட்டி, அவரவர் மேக் முகவரியைப் போட்டுக்கொள்ளட்டும். கிளிப்பையும் பிக்கோவையும் மட்டும் மூன்று பேரும் பகிர்ந்துகொள்ளலாம்.